பாற்புரதமும் எலும்புத் தேய்வும்

நெல்லும் மரக்கறியும் பயிரிடும் கமக்காரருக்கென வெளியிடப்படும் இப்பிரசுர வரிசையில், பாலையும் எலும்பையும் பற்றிய பாடம் ஒன்று இடம்பெறுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றக்கூடும். ஆயினும் வயலும் தோட்டமும் உடையோரில் அநேகர் ஒன்றிரண்டு பசுக்களையோ எருமைகளையோ வளர்க்கின்றனர். அறுவடை முடிந்ததும் வீட்டுச் சாப்பாட்டுக்கும் விதைக்கும் வேண்டிய நெல்லை ஒதுக்கிய பின்னரே மிகுதி மூடைகளை விற்பது எமது வழக்கம். பாலின் விடயத்தில் அவ்வழக்கம் கிடையாது. கறந்த பாலைக் கடைசிச் சொட்டு வரையில் சேகரிப்பு நிலையத்திற்கு அனுப்பிவிட்டு, வீட்டிலுள்ளோர் வெறுந்தேநீர் குடிக்கும் குடும்பங்களை நான் நேரிற் கண்டிருக்கிறேன்.

இதற்குக் காசுத் தேவை ஒரு காரணம். மற்றொரு காரணத்தைச் சென்ற பெரும்போக விதைப்புக்கு முன்னர் ஒரு கிராமத்திலே தெரிந்துகொண்டேன். பசளை இடுதல் பற்றிய வகுப்பு முடிந்து எல்லோரும் எழுந்தபொழுது, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார் அருகே வந்து, “தம்பி, பாலிலே இருக்கிற புரதம் எலும்பிலே உள்ள சுண்ணாம்பைக் கரைச்சுப்போடும் எண்டு சொல்லுகினம். உண்மையோ?” என்று வினவினார். அவருடைய மாமியார் முந்திய ஆண்டு கிணற்றடியில் வழுக்கி விழுந்து தொடையெலும்பின் மேல்முனையை முறித்துக்கொண்டு நான்கு மாதங்கள் பாயிற் கிடந்தவர். யாரோ சொன்ன சொல்லைக் கேட்டு, அன்று முதல் அக்கிழவிக்குப் பாலும் தயிரும் நிறுத்தப்பட்டிருந்தன. கறவையில் இரண்டு பசுக்கள் நிற்கும் வீடு அது! பயிருக்கு விடை சொல்லப் பழகிய எனக்கு அன்று இதற்கு விடை சொல்லத் தெரியவில்லை. “விசாரித்துச் சொல்லுகிறேன், அம்மா” என்று கூறி வந்தேன். அவ்விசாரணையின் பயனே இப்பாடம்.

எலும்பின் இயல்பு

எலும்பு கல்லைப் போன்ற உயிரற்ற பொருளன்று. வயல் வரம்பை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு போகத்திலும் வரம்பின் பக்கத்தைச் செதுக்கிப் புதுச் சேற்றை அணைத்துப் பூசுகின்றோம். செதுக்கிய அளவுக்குச் சேறு பூசப்பட்டால் வரம்பு இருந்தபடியே இருக்கும்; பூச்சுக் குறைந்தால் போகத்துக்குப் போகம் மெலிந்து ஒரு நாள் உடைப்பெடுக்கும். எலும்பிலும் பழைய பகுதியை அரித்தெடுக்கும் நுண்ணிய உயிர்க்கலங்களும், புதிய பகுதியைக் கட்டும் உயிர்க்கலங்களும் இரவு பகலாக வேலை செய்கின்றன. ஏறக்குறைய முப்பது வயது வரையில் கட்டுவோர் கை ஓங்கி நிற்கும். பின்னர் இரண்டும் சமமாகி, முதுமையில் அரிப்போர் கை ஓங்கும். பெண்களுக்கு மாதவிடாய் நின்றதன் பின்னர் வரும் சில ஆண்டுகளில் இத்தேய்வு மிக விரைவாக நடைபெறும். வலியோ வீக்கமோ இன்றி நடைபெறுவதால், எலும்பு முறியும் நாள் வரையில் அதனை ஒருவரும் அறிவதில்லை.

எலும்பு எதனால் ஆயது என்று கேட்டால் சுண்ணாம்பினால் என்பதே எவரும் கூறும் விடை. அது பாதி விடையேயாகும். மண்சுவர் கட்டுவோர் களிமண்ணோடு வைக்கோலைச் சேர்த்து மிதிப்பார்கள். வைக்கோல் இல்லாத மண்சுவர் காய்ந்ததும் வெடித்து உதிரும். எலும்பிலும் கல்சியமும் பொசுபரசும் சேர்ந்த உப்புக் களிமண்ணைப் போன்றது. அதனைத் தாங்கி நிற்கும் நார்கள் புரதத்தாலானவை. எலும்பின் கனவளவில் ஏறக்குறைய அரைவாசியும், நிறையில் மூன்றிலொரு பங்கும் புரதமே. செதுக்கியெடுத்த நார்களில் பெரும்பகுதி மீண்டும் பூசுவதற்கு உதவாது கழிந்துவிடுவதால், நாள்தோறும் உணவிலிருந்து புதிய புரதம் வந்து சேர்தல் வேண்டும். ஆகவே புரதம் எலும்புக்குப் பகை என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்திலேயே, வைக்கோல் சுவருக்குப் பகையாகுமா என்று நாம் ஐயுற்றிருக்க வேண்டும்.

பசுவிடம் கற்கும் பாடம்

எலும்பு உடலைத் தாங்குவதோடு, கல்சியத்தின் களஞ்சியமாகவும் விளங்குகின்றது. வளர்ந்த மனிதன் ஒருவனின் உடலிலுள்ள ஏறக்குறைய 1 கிலோகிராம் கல்சியத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலும் இருக்கின்றது. எஞ்சிய ஒரு பங்கு குருதியிலும் தசையிலும் இருந்து இதயத்தையும் நரம்பையும் இயக்குகின்றது. அந்த ஒரு பங்கு குறையுமானால் உயிருக்கே ஆபத்து. எனவே உணவில் கல்சியம் வராத நாட்களில் உடல் தயங்காது எலும்பை உடைத்துக் குருதிக்குக் கொடுத்துவிடும்.

இதனைக் கறவைப் பசு வளர்ப்போர் கண்ணாற் கண்டிருப்பர். 1 லீற்றர் பசுப்பாலில் ஏறக்குறைய 1.2 கிராம் கல்சியம் உண்டு. நாளொன்றுக்கு 10 லீற்றர் கறக்கும் பசு 12 கிராம் கல்சியத்தைப் பாலோடு இழக்கின்றது. அதன் குருதியில் ஓடிக்கொண்டிருப்பதோ சில கிராம் மாத்திரமே. மிகுதியைத் தீனியிலிருந்தும் தன் எலும்பிலிருந்தும் அது ஈடுசெய்தல் வேண்டும். கன்று ஈன்ற ஓரிரு நாட்களில், நல்ல கறவைப் பசு எழும்பமாட்டாது படுத்துத் தலையை விலாப்பக்கம் திருப்பி வைத்திருப்பதைச் சிலர் கண்டிருக்கலாம். பாற்காய்ச்சல் என்று கூறப்படும் இந்நிலையில் உடல் சுடுவதில்லை, செவிகள் குளிர்ந்திருக்கும். எலும்புக் களஞ்சியத்தின் கதவு திறக்குமுன்னர் குருதியிலுள்ள கல்சியம் பாலுக்குப் போய்விட்டமையே காரணம். மிருக வைத்தியர் நாளத்தினூடாகக் கல்சியம் ஏற்றியதும், சற்று நேரத்துக்கு முன் சாகுமென்று எண்ணிய பசு எழுந்து நிற்கும். (வெறும் வைக்கோலையே தின்னும் பசுவுக்குப் பச்சைப் புல்லும் சீமைக்கிளுவை இலையும் கனியுப்புக் கலவையும் கொடுக்கும்படி நாம் இடைவிடாது சொல்லுவதும் இக்களஞ்சியத்தை எண்ணியேயாம்.)

பாலூட்டும் தாய்மாரிடத்தும் இதுவே நிகழ்கின்றது. பாலூட்டும் மாதங்களில் தாயின் முள்ளந்தண்டு எலும்பின் அடர்த்தி நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை குறைந்து, குழந்தை பால் மறந்த பின்னர் பெரும்பாலும் மீளுகின்றது. மூப்படைந்தோரிடத்து அவ்வாறு மீளுவதில்லை.

அச்சம் பிறந்த வரலாறு

புரதம் எலும்பைக் கரைக்கும் என்பது வெறும் வாய்க்கதையன்று. ஒரு காலத்தில் கற்றோரும் அவ்வாறே கருதினர். அவர்கள் கொண்ட காரணம் கமக்காரருக்கு எளிதில் விளங்கும்.

புளிப்புத் தன்மை மிகுந்த மண்ணுக்கு டொலமைற்று இடுகின்றோம். சுண்ணாம்புச் சத்துப் புளிப்பை அடக்கித் தானும் கரைந்து போகின்றது. புரதத்தில் கந்தகம் சேர்ந்த பகுதிகள் உண்டு. அவை உடலிற் செரித்தபின் சிறிதளவு அமிலமாகின்றன. அந்த அமிலத்தை அடக்குவதற்கு உடல் தன் எலும்பிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக் கொடுக்கின்றது என்பதே அக்கருத்து. 1968 ஆம் ஆண்டில் இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர் லான்செற்று என்னும் மருத்துவ சஞ்சிகையில் இதனை எடுத்துரைத்தனர். அதன்பின் நடந்த பரிசோதனைகளிலும், புரதத்தைக் கூட்டியபோது சிறுநீரோடு கழியும் கல்சியம் கூடியது கண்டறியப்பட்டது. கழிவது கூடினால் களஞ்சியம் குறைகின்றது என்றுதானே எவரும் கருதுவர்? புரதம் மிகுந்த பொருளாதலின் பாலும் இப்பழிக்கு ஆளாயிற்று.

ஆனால் வாய்க்காலின் கடைவாயில் நீர் கூடுதலாக வழிகின்றது என்பதைக் கொண்டு, குளம் வற்றுகின்றது என்று தீர்மானிக்க முடியுமா? மதகைக் கூடுதலாகத் திறந்திருக்கலாம்; மேலே மழை பெய்து குளத்துக்கு வரவும் கூடியிருக்கலாம். வழியும் நீர் எங்கிருந்து வந்தது என்று அறிந்தாலன்றி முடிவு கூற இயலாது.

குறிசுட்ட கல்சியம்

அதனை அறிந்த முறை மிக அழகானது. பல பட்டிகளின் மாடுகள் ஒரே தரவையில் கலந்து மேயும்பொழுது, எந்த மாடு எவருடையது என்பதைக் குறியைக் கொண்டு அறிகின்றோம். கல்சியத்திலும் இயற்கையாகவே சற்றுப் பாரம் கூடிய வகைகள் உண்டு. தீமையற்ற அப்பாரக் கல்சியத்தில் ஒரு வகையை உணவோடும் வேறொரு வகையை நாளத்தினூடாகவும் கொடுத்து, பின்னர் சிறுநீரிலும் குருதியிலும் அவற்றை அளந்தால், வெளியேறும் கல்சியம் உணவிலிருந்து வந்ததா, எலும்பிலிருந்து வந்ததா என்பது புலனாகும்.

ஐக்கிய அமெரிக்காவின் கனற்றிக்கற்று, யேல் ஆகிய பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சியாளர் 2005 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில் 13 பெண்களை இவ்வாறு பரிசோதித்தனர். உடல் நிறையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 1 கிராம் புரதம் கொண்ட உணவு ஒரு முறையும், 2.1 கிராம் கொண்ட உணவு மற்றொரு முறையும் கொடுக்கப்பட்டன. புரதம் கூடிய உணவை உண்டபோது முன்னோர் கண்டவாறே சிறுநீர்க் கல்சியம் கூடியது. ஆனால் குடல் உறிஞ்சிய கல்சியமும் நூற்றுக்கு 18.5 இலிருந்து 26.2 ஆக உயர்ந்திருந்தது. கூடுதலாகக் கழிந்த கல்சியத்தின் பெரும்பகுதி உணவிலிருந்து வந்ததேயாம். குளம் வற்றவில்லை, வரவு கூடியதனால் வழிவும் கூடியது.

இதனினும் முக்கியமானது இதன் மறுபக்கம். அதே ஆராய்ச்சியாளர் முன்னர் செய்த பரிசோதனைகளில், புரதத்தைக் கிலோகிராமுக்கு 0.7 கிராமாகக் குறைத்தபொழுது, நான்காம் நாளிலேயே குடல் உறிஞ்சும் கல்சியம் தாழ்ந்தது. கழுத்திலுள்ள நான்கு சிறு சுரப்பிகள், எலும்பிலிருந்து கல்சியத்தைத் திறந்துவிடும் சுரப்புநீரைக் கூடுதலாகச் சுரந்தன. எலும்புக்கு அஞ்சிப் புரதத்தைக் குறைப்பவர், தாமே களஞ்சியத்தின் கதவைத் திறந்துவிடுகின்றனர் என்பது இதனால் பெறப்படும். பிறேமிங்காம் என்னும் அமெரிக்க நகரில் முதியோரை நான்கு ஆண்டுகள் அவதானித்து 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியிலும், மிகக் குறைந்த புரதம் உண்டோரின் எலும்பே அதிகம் தேய்ந்திருந்தது.

பாலைப் பொறுத்தவரையில் அமிலப் பேச்சுக்கு இன்னும் குறைந்த இடமே உண்டு. பாலில் கல்சியம், பொற்றாசியம் முதலிய உப்புகளும் கூடவே இருப்பதனால், அதனால் உடலில் ஏற்படும் அமிலச் சுமை ஏறக்குறைய இல்லையெனலாம். கெட்டியான பாற்கட்டியின் கதை வேறு. அது நமது அடுக்களைப் பண்டமன்று.

முறிந்த எலும்பும் பாற்புரதமும்

பாலிலே இருவகைப் புரதங்கள் உள. ஐந்தில் நான்கு பங்கு கேசீன். பால் புளிக்கும்போது கட்டியாவது அதுவே. மற்றைய ஒரு பங்கு, திரிந்த பாலின் மஞ்சள் நிறத் தெளிநீரிலே கரைந்து நிற்பது. கேசீன் நுண்ணிய உருண்டைகளாய்ப் பால் முழுவதும் மிதந்து, பாலின் கல்சியத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத் தன்னுள்ளே சுமந்து செல்கின்றது. களிமண்ணும் வைக்கோலும் ஒரே வண்டியில் வந்திறங்குவதற்கு இதனை ஒப்பிடலாம். தெளிநீர்ப் புரதங்களிலே சில, சோதனைச் சாலையில் எலும்பு கட்டும் கலங்களைத் தூண்டுவதும் காணப்பட்டுள்ளது.

மனிதரிடத்து இதன் பயனைக் காட்டும் ஆராய்ச்சிகள் பலவற்றுள் இரண்டைக் கூறுதல் போதும். சுவிற்சலாந்தின் ஜெனீவா நகரில், தொடையெலும்பின் மேல்முனை முறிந்து வைத்தியசாலைக்கு வந்த 82 முதியோரை இரு பிரிவாக்கினர். எல்லோருக்கும் கல்சியமும் விற்றமின் டியும் கிடைத்தன. ஒரு பிரிவினருக்கு மாத்திரம் ஆறு மாத காலம் நாளொன்றுக்கு 20 கிராம் புரதம் கூடுதலாகக் கொடுக்கப்பட்டது. அதில் பெரும்பகுதி பாலின் கேசீன். ஓராண்டு முடிவில், புரதம் பெறாதோரின் மற்றைத் தொடையெலும்பு நூற்றுக்கு 4.7 அளவும், பெற்றோரின் எலும்பு 2.3 அளவுமே தேய்ந்திருந்தன. எலும்பை வளர்க்கத் தூண்டும் ஒரு பொருள் ஈரலிலிருந்து குருதியிற் கூடியதும் கண்டறியப்பட்டது. அவர்கள் நடைபழகி வைத்தியசாலையை விட்டு நீங்கிய காலமும் குறைந்தது. இது 1998 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கிணற்றடியில் விழுந்த அந்தக் கிழவிக்கு வீட்டார் செய்தது இதற்கு நேர் மாறானது என்பதை வாசிப்போர் உணர்வர்.

இரண்டாவது ஆராய்ச்சி 2021 ஆம் ஆண்டில் வெளியானது. அவுஸ்திரேலியாவில் முதியோர் இல்லங்கள் 60 இதிற் சேர்ந்தன. அவற்றில் வாழ்ந்தோர் 7,000க்கு மேற்பட்டவர். அவர்களுக்கு விற்றமின் டி குறைவில்லை. கல்சியமும் புரதமுமே போதாதிருந்தன. பாதி இல்லங்களில் சமையலறைகளே மருந்துச் சாலையாயின: உணவிலே பாலும் தயிரும் பாற்கட்டியும் கூட்டப்பட்டு, ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,140 மில்லிகிராம் கல்சியமும் 69 கிராம் புரதமும் கிடைக்கச் செய்யப்பட்டது. இரண்டு ஆண்டுகளில் அவ்வில்லங்களில் எலும்பு முறிவுகள் நூற்றுக்கு 33 அளவும், இடுப்பு மூட்டு முறிவுகள் 46 அளவும் குறைந்தன. விழுதலும் 11 அளவு குறைந்தது. விழுதல் ஏன் குறைந்தது? புரதம் தசையையும் காப்பதனாலேயே என்று கருதலாம். தள்ளாடாத கால் எலும்புக்கு முதற்காவல்.

கூடக் கொடுத்தால் கூட நன்மையா?

அன்று. யூரியாவை இருமடங்கு இட்டால் நெல் இருமடங்கு விளையாது என்பதை நீங்கள் அறிவீர்கள். பயிருக்கு எந்தச் சத்துக் குறைவாயிருக்கின்றதோ அதுவே விளைவைத் தடுக்கும் என்று கமத்தொழில் நூல்கள் கூறும் விதி, உடலுக்கும் பொருந்தும். 2015 ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்கப் பரிசோதனையில், நல்ல உணவு உண்டு நலமாக வாழ்ந்த 208 முதியோரில் ஒரு பிரிவினருக்குத் தெளிநீர்ப் புரதம் நாளொன்றுக்கு 45 கிராம் வீதம் 18 மாதங்கள் கொடுத்தபோதும், எலும்பின் அடர்த்தியில் வேற்றுமை காணப்படவில்லை. ஏற்கெனவே போதிய புரதம் பெற்றவர்க்கு மேலும் இட்டதால் எலும்புக்குப் பயனில்லை, கேடும் இல்லை.

சுவீடனில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோரைப் பல்லாண்டுகள் அவதானித்து 2014 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றையும் மறைக்காது சொல்ல வேண்டும். நாளொன்றுக்கு மூன்று குவளைக்கு மேல் பால் குடித்த பெண்களிடத்தே எலும்பு முறிவு கூடுதலாகவே காணப்பட்டது. தயிர் போன்ற புளித்த பாலுணவு உண்டோரிடத்தே குறைவாகக் காணப்பட்டது. இது பரிசோதனையன்று, அவதானம் மாத்திரமே. எலும்பு நலிந்ததை அறிந்தவர் பாலைக் கூட்டிக் குடித்திருக்கவும் கூடும். ஆயினும் குடம் குடமாகப் பால் குடித்தல் வேண்டும் என்று எவரும் இப்பாடத்தைக் கொண்டு கருதலாகாது. நம் கிராமங்களில் அத்தகைய ஆபத்து இல்லை. நமது குறை மறுபக்கத்திலே இருக்கின்றது.

வீட்டுக்கு எவ்வளவு ஒதுக்குவது?

கணக்கிட்டுப் பார்ப்போம். 45 கிலோகிராம் நிறையுள்ள ஒரு முதிய பெண்ணுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 45 கிராம் புரதம் வேண்டும். முதியோருக்குக் கிலோகிராமுக்கு 1 கிராமுக்குக் குறையாதிருத்தல் நன்று என்பது இக்காலப் போசணை நிபுணர் கருத்து. அவர் 250 கிராம் அரிசிச் சோறு உண்டால் ஏறக்குறைய 17 கிராம் கிடைக்கும். பருப்பு 25 கிராமில் 6 கிராம். மரக்கறியில் 3 அல்லது 4 கிராம். எல்லாம் சேர்ந்து 27 கிராமளவில் நின்றுவிடும். 18 கிராம் குறை. கல்சியமோ இவ்வுணவில் 200 மில்லிகிராமை எட்டுதல் அரிது. வேண்டியது ஏறக்குறைய 1,000.

இனி, ஒரு குவளை, அதாவது 200 மில்லிலீற்றர் பசுப்பாலைச் சேர்த்தால் 6 கிராமுக்குச் சற்று மேற்பட்ட புரதமும் ஏறக்குறைய 240 மில்லிகிராம் கல்சியமும் வரும். எருமைத் தயிர் ஒரு கிண்ணம், 150 கிராம் அளவு, இன்னொரு 6 கிராம் புரதத்தையும் அதே அளவு கல்சியத்தையும் தரும். ஒரு முட்டையும் சேர்ந்தால் புரதக் குறை நிரம்பிவிடும். கல்சியம் ஏறக்குறைய 700 ஆகும். மிகுதிக்கு முருங்கையிலையும் குரக்கனும் எலும்போடு உண்ணும் நெத்தலியும் உள்ளன. நெத்தலிக் கருவாட்டைக் கழுவி உப்பைப் போக்கிச் சமைத்தல் வேண்டும். உப்பு மிகுந்தால் கல்சியம் சிறுநீரோடு கழியும்.

ஆகவே முதியவர் ஒருவருக்குப் பாலாகவும் தயிராகவும் ஏறக்குறைய 350 மில்லிலீற்றர் ஒதுக்கினால் போதும். நாளொன்றுக்கு எட்டு லீற்றர் கறக்கும் வீட்டில் இது இருபதில் ஒரு பங்கிலும் குறைவு. பிள்ளைகளுக்கும் பாலூட்டும் தாய்க்கும் இதேபோல ஒதுக்குதல் வேண்டும். வேலை செய்யும் ஆண்களுக்கு வேண்டாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டும், ஆனால் பங்கு போதாவிடின் முதலிலே எலும்பு வளர்பவர்க்கும் எலும்பு தேய்பவர்க்கும் கொடுப்பதே முறை.

அடுக்களையில் கவனிக்க வேண்டியவை

நெய்யே பாலின் சாரம் என்று நம் முன்னோர் மதித்தனர். சுவைக்கு அது சரி. எலும்புக்கோ நெய்யிலும் வெண்ணெயிலும் சொல்லத்தக்க ஒன்றுமில்லை. அவை கொழுப்பு மாத்திரமே. புரதமும் கல்சியமும் வெண்ணெய் எடுத்தபின் எஞ்சும் மோரிலேயே தங்கியுள்ளன. நெய்யை விருந்தினருக்கு எடுத்து வைத்து மோரைக் கன்றுக்கு ஊற்றும் வீடுகளில், கன்றின் எலும்பு நன்றாக வளரும்!

பால் புளிக்கும்பொழுது, கேசீன் சுமந்திருந்த கல்சியம் அதை விட்டு நீருக்குள் இறங்குகின்றது. தயிரோடு நீரையும் சேர்த்து உண்டால் ஒன்றும் நட்டமில்லை. சட்டித் தயிரின் மேலே நிற்கும் தெளிநீரைச் சாய்த்துக் கொட்டுவோர் கல்சியத்தையும் சிறிதளவு புரதத்தையும் கொட்டிவிடுகின்றனர். அதனைக் கலக்கியே பரிமாறுக. பால் குடித்தால் வயிறு பொருமும் என்போர் நம்மவரில் அநேகர். பாலிலுள்ள வெல்லத்தைச் செரிக்கும் சக்தி வளர்ந்தபின் குறைந்துவிடுவதே அதற்குக் காரணம். புளிக்கும்போது அவ்வெல்லத்தின் ஒரு பகுதி கழிவதனால், தயிரும் மோரும் அவர்களுக்குப் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். தேநீரிலே விடும் இரண்டு கரண்டிப் பாலை ஒருவரும் கணக்கிற் சேர்த்தலாகாது. தகரத்தில் வரும் இனிப்புப் பாலில் சீனியே மிகுதி. பச்சைப் பாலைக் காய்ச்சாது அருந்துவது மாட்டினிடமிருந்து நோயை வாங்குவதாகும்.

வெயிலும் வேண்டும். வெயிலின்றி உடலில் விற்றமின் டி உண்டாகாது. அஃதின்றிக் குடல் கல்சியத்தை நன்கு உறிஞ்சாது. வயலில் நிற்போருக்கு இக்குறை அரிது. விழுந்துவிடுவார் என்று அஞ்சி அறைக்குள்ளே இருத்தப்பட்ட முதியோருக்கே இது நேரும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை

வடமத்திய மாகாணத்திலும் அதனை அடுத்த வவுனியா, முல்லைத்தீவு முதலிய இடங்களிலும் 1990 ஆம் ஆண்டுகள் தொடக்கம், காரணம் துணியப்படாத சிறுநீரக நோய் நெற்செய்கையாளரிடையே காணப்பட்டு வருகின்றது. சிறுநீரகம் பழுதடைந்தவர்க்கு மேலே கூறிய கணக்குப் பொருந்தாது. புரதத்தின் கழிவையும் பொசுபரசையும் வெளியேற்ற அவருடைய உடலால் இயலாது. பாலில் இவ்விரண்டுமே உண்டு. நோயுள்ளவரும், முன்னர் சோதனை செய்து ஐயம் கூறப்பட்டவரும், வைத்தியரைக் கேளாது பாலையோ பருப்பையோ மீனையோ கூட்டலாகாது. சிகிச்சைச் சாலையிற் கொடுத்த உணவுச் சீட்டு வீட்டில் இருந்தால் அதுவே இப்பிரசுரத்திலும் மேலானது.

அவ்வம்மையாரின் மாமியாருக்குச் சிறுநீரக நோய் இல்லையென்று வைத்தியசாலையில் உறுதி பெற்ற பின்னரே, நான் பெற்ற விடையைச் சொன்னேன். இப்பொழுது அவ்வீட்டில் காலையில் பாற்கலத்தை மூடுமுன்னர் ஒரு செம்பு பால் அளந்து வேறாக வைக்கப்படுகின்றது. ஆனால் கிழவி தமக்குக் கொடுக்கும் குவளையைப் பேரனிடம் நீட்டிவிடுகிறார் என்று சென்ற மாதம் என்னிடம் முறையிட்டார்கள். அதனால் அவருடைய பங்கைத் தயிராக்கிப் பழஞ்சோற்றிலே பிசைந்து கொடுக்கும்படி சொன்னேன். பேரன் பழஞ்சோற்றைத் தொடமாட்டானாம்.